முடிகிற ஆட்டமும் முடியாத ஆட்டமும்

ஒரு வீட்டில் ஒரு தகப்பனாரும் ஒரு பிள்ளையும் இருந்தால் போதும்; வீடியோ விளையாட்டு விஷயத்தில் அங்கே இரண்டு கட்சிகள் இருக்கும். தகப்பனார் பழைய கட்சி. "அந்தக் காலத்து மேரியோவில் இருந்த ருசி இப்போது எதில் இருக்கிறது? டெட்ரிஸ் ஒன்று போதாதா?" என்பார். பிள்ளை புதிய கட்சி. "போங்கள் அப்பா! சதுரம் சதுரமாக இருக்கும் அந்தப் பொம்மையை யார் பார்ப்பார்கள்? இதைப் பாருங்கள், புல் கூடக் காற்றில் அசைகிறது!" என்று ஸெல்போனை நீட்டுவான். வழக்கு கடைசியில் எங்கே வந்து நிற்கும்? சமையலறை வாசலில்தான். "நீயே சொல், அம்மா!" என்று உங்களை நீதிபதி ஆசனத்தில் உட்கார வைத்து விடுவார்கள்.

நீங்களும், "இரண்டும் வேண்டாம், சாப்பிட வாருங்கள்" என்று வழக்கைத் தள்ளுபடி செய்து விடுவீர்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக் கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன். ஏனென்றால், உங்கள் குழந்தையின் சாயங்கால வேளையும், உங்கள் வீட்டுப் பணமும் இந்த வழக்கில் சிக்கியிருக்கின்றன. இரண்டு தரப்புச் சாட்சிகளையும் கொஞ்சம் விசாரித்து விட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

காசு நிரம்பிய பெட்டி

1972-ம் வருஷம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தைச் சேர்ந்த ஸன்னிவேல் என்னும் ஊரில் ஒரு மதுக்கடை. அடாரி என்ற கம்பெனியார் அங்கே ஒரு புது யந்திரத்தைக் கொண்டு வந்து வைத்தார்கள். அதன் பெயர் 'பாங்'. திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. கோடுதான் மட்டை, புள்ளிதான் பந்து. மேஜைப் பந்தாட்டம், அவ்வளவுதான். சில நாளைக்குள் யந்திரம் ஓடவில்லை என்று புகார் வந்தது. அதைச் செய்த ஆலன் அல்கார்ன் என்ற இஞ்சினீயர் போய்த் திறந்து பார்த்தார். யந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை. ஜனங்கள் போட்ட காசு, ஏந்தும் பாத்திரத்தில் நிரம்பி வழிந்து அடைத்துக் கொண்டிருந்தது!

பழைய விளையாட்டுக்களின் குணம் முழுவதும் இந்தக் காசுப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒரே ஒரு காசைப் போட்டு விட்டு ஒருவர் மத்தியானம் முழுவதும் ஆடிக் கொண்டே இருந்தால் கடைக்காரரின் கதி என்ன? ஆகவே ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும். ஆனால், "அடடா! இன்னும் ஒரு தடவை ஆடினால் ஜயித்திருப்பேனே!" என்ற ஆசையோடு முடிய வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளுக்குள்தான் அந்தக் காலத்துச் சாமர்த்தியம் எல்லாம் அடங்கும்.

1978-ல் ஜப்பானில் டோமோஹிரோ நிஷிகாடோ என்பவர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற ஆட்டத்தைச் செய்தார. வானத்திலிருந்து 55 பூதங்கள் ஐந்து வரிசையாக இறங்கி வருகின்றன. கீழேயிருந்து சுட்டு வீழ்த்த வேண்டும். பூதங்கள் குறையக் குறைய, மிஞ்சியவை வேகமாக ஓடி வருகின்றன. மார்பு படபடக்கிறது. இது திட்டம் போட்டுச் செய்த வித்தை என்று எண்ணாதீர்கள். அந்தக் கம்ப்யூட்டருக்கு 55 பூதங்களையும் சேர்ந்தாற்போல் வரைய மூச்சு வாங்கியது. பாரம் குறைந்ததும் அது தானாகவே வேகம் பிடித்தது. "நன்றாகத்தான் இருக்கிறது" என்று நிஷிகாடோ அதை அப்படியே விட்டு விட்டார்!

பெண்களை எண்ணிச் செய்தது

அப்போதெல்லாம் விளையாட்டு யந்திரக் கூடம் என்றால் அது ஆண்பிள்ளைகள் கூடும் இடம். எங்கே பார்த்தாலும் சுடுவதும் வெடிப்பதுந்தான். ஜப்பானில் நாம்கோ கம்பெனியில் இருந்த டோரு இவடானி என்ற இளைஞருக்கு இது பிடிக்கவில்லை. பெண்களும், ஜோடியாக வருகிறவர்களும் உள்ளே நுழையும்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று யோசித்தார். பெண்களுக்கு எதில் பிரியம் என்று ஆராய்ந்து, 'சாப்பாடு' என்ற முடிவுக்கு வந்தார். கோபித்துக் கொள்ளாதீர்கள்! அந்த யோசனையில் பிறந்ததுதான் 1980-ல் வெளிவந்து உலகத்தையே ஆட்டி வைத்த 'பாக்மேன்'. ஒரு துண்டு எடுத்து விட்ட பீட்ஸாவைப் போல வாயைத் திறந்து கொண்டு, சந்து சந்தாக ஓடிப் புள்ளிகளை விழுங்கும் மஞ்சள் உருண்டை. துரத்துவதற்கு நாலு வர்ணப் பிசாசுகள்.

அந்தப் பிசாசுகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நாலும் ஒரே மாதிரி துரத்துவதில்லை. சிவப்புப் பிசாசு பின்னாலேயே விடாமல் வரும். ரோஜா வர்ணப் பிசாசு நீங்கள் போகிற வழியை முன்கூட்டிக் கணக்கிட்டு எதிரே வந்து மடக்கப் பார்க்கும். ஆரஞ்சுப் பிசாசு கிட்டே வந்ததும் பயந்து கொண்டு தன் மூலைக்குத் திரும்பி விடும். நீலம் என்ன செய்யும் என்று சொல்வதுதான் கடினம். முதல் ஆட்டத்தில் அவை 20 விநாடி துரத்துவதற்கு முன்னால் 7 விநாடி அங்கங்கே கலைந்து போய் உங்களுக்கு மூச்சு விட அவகாசம் கொடுக்கும். கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த நாலு சுபாவங்களும் பரிச்சயமானவையாகவே தோன்றும்!

இதற்கு ஒரு முடிவும் உண்டு. அந்த யந்திரத்தின் எண்ணிக்கைப் பெட்டியில் 255-க்கு மேல் எண் அடங்காது. ஆகையால் 256-வது கட்டம் வந்ததும் திரையில் பாதி எழுத்தும் எண்ணுமாகக் கலைந்து போய் ஆட்டம் அதற்கு மேல் நகராது. ஒரு பிழையும் செய்யாமல் அங்கே வரை போகிறவருக்குக் கிடைக்கக் கூடிய அதிகபட்ச மதிப்பெண் 33,33,360. அதற்கு மேல் யாராலும் வாங்க முடியாது.

சொல்லாமல் சொல்லிக் கொடுப்பது

1985-ல் நிண்டெண்டோ கம்பெனி 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தை வெளியிட்டது. அதைச் சிருஷ்டித்தவர் ஷிகேரு மியமோட்டோ. முழு ஆட்டமும் 40 கிலோபைட் இடத்தில் அடக்கம். இன்று நீங்கள் ஸெல்போனில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படம் பிடிக்கும் இடத்தில் ஐம்பது மேரியோ ஆட்டங்களை அடைத்து விடலாம். சிக்கனத்தைக் கேட்க வேண்டுமா? ஆகாயத்தில் மிதக்கும் மேகமும் தரையில் முளைத்த புதரும் ஒரே படந்தான். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர்! மீந்த சாதத்தை மறுநாள் வேறொரு பலகாரமாக்கும் குடும்ப ஸ்திரீகளுக்கு இந்த யுக்தியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

அதைவிட ஆச்சரியம், முதல் கட்டத்தின் அமைப்பு. மேரியோ இடது பக்கம் நிற்கிறான். வலது பக்கம் வெற்று வெளி. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எதிரே ஒரு குட்டைப் பூதம் புருவத்தை நெறித்துக் கொண்டு வருகிறது. முட்டினால் உயிர் போகிறது. மறு தடவை நீங்களே குதிக்கிறீர்கள். தலைக்கு மேல் இருக்கும் பெட்டியை முட்டினால் ஒரு காளான் வெளிவந்து ஓடுகிறது. அது எதிரே உள்ள குழாயில் மோதித் திரும்பி உங்களிடமே வருகிறது. பட்டவுடன் மேரியோ பெரியவனாகி விடுகிறான். காளான் நல்லது என்று எழுதி ஒட்டாமலே தெரிந்து போகிறது. அம்மா அருகில் நின்று பார்த்தே பெண் கோலம் போடக் கற்றுக் கொள்வதில்லையா? அந்த மாதிரிப் போதனைதான்.

டெட்ரிஸின் கதை இன்னும் விசேஷம். அதை உண்டாக்கிய அலெக்ஸி பஜித்னவ், மாஸ்கோவில் ஸோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கம்ப்யூட்டர் நிலையத்தில் வேலை பார்த்தவர். அவரிடம் இருந்த யந்திரத்தில் படம் வரைய வசதியே கிடையாது. அடைப்புக் குறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் கட்டங்களைக் காட்டினார். மேலேயிருந்து விழும் ஏழு வகைத் துண்டுகளை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் மறையும். 1989-ல் நிண்டெண்டோ வெளியிட்ட டெட்ரிஸில் 29-வது கட்டத்துக்கு மேல் மனித விரலால் முடியாது என்றே வெகு காலம் நினைத்தார்கள். பிறகு வந்த பிள்ளைகள் பித்தானைத் தட்டும் முறையையே மாற்றி, மேலே மேலே போனார்கள். 2023-ம் வருஷம் டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுப் பையன் ஒருவன் 157-வது கட்டம் வரை ஏறி, யந்திரமே திகைத்து நின்று போகும்படி செய்து விட்டான். 34 வருஷமாக ஆட்டத்தில் ஒரு மாறுதலும் இல்லை; மனிதர்களுடைய விரல்கள்தான் தேறிவிட்டன.

புதிய கட்சியின் வாதம்

இவ்வளவையும் கேட்டுப் பழைய கட்சிக்கே ஜயம் என்று எழுந்து விடாதீர்கள். பழைய ஆட்டங்களுக்குத் தயை தாட்சண்யம் கிடையாது. கண் மங்கியவர், கை நடுங்குகிறவர், மெதுவாகக் கற்றுக் கொள்ளும் குழந்தை யாராயிருந்தாலும் ஒரே வேகந்தான், தவறினால் முதலிலிருந்துதான். புதியவை இந்த விஷயத்தில் வெகு தூரம் முன்னேறியிருக்கின்றன. 2020-ல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அது ரத்தமும் பயங்கரமும் நிறைந்த, பெரியவர்களுக்கு மட்டுமே உரிய ஆட்டம், குழந்தைகளுக்கு ஆகாது. ஆயினும் பார்வையோ செவியோ குறைந்தவர்களுக்காக அதில் 60-க்கும் மேற்பட்ட ஏற்பாடுகளைச் செய்திருந்தார்கள். கண் தெரியாதவர்கள் சப்தத்தை மட்டும் கொண்டு அதை ஆடி முடித்தார்கள்.

புதியவை தந்த இன்னொரு பேறு, துணை. 2012-ல் வெளிவந்த 'ஜர்னி' ஆட்டத்தில் நீங்கள் தனியாகப் பாலைவனத்தில் ஒரு மலையை நோக்கிப் போகிறீர்கள். வழியில் முன்பின் தெரியாத ஒரு யாத்திரிகர் வந்து சேருகிறார். உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்து ஆடும் நிஜ மனிதர் அவர். பேச முடியாது, பெயரும் தெரியாது. மணியோசை போல ஒரு குரல் கொடுக்கலாம், அவ்வளவுதான். வைய வழியில்லை என்பதாலோ என்னவோ, இருவரும் ஒருவருக்கொருவர் ஒத்தாசை செய்து கொண்டே போகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் யாத்திரை முடிகிறது. துணைக்கு வந்தவரின் பெயரைக் கடைசியில்தான் காட்டுகிறார்கள்.

2011-ல் முழுமை பெற்ற 'மைன்கிராப்ட்' ஆட்டத்தில் குழந்தைகள் கட்டை கட்டையாக அடுக்கி வீடும் கோட்டையும் கட்டுகிறார்கள். 2023-க்குள் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுப் போயிற்று. 2020-ல் தொற்றுநோய்க்குப் பயந்து உலகமே கதவைச் சாத்திக் கொண்டிருந்தபோது, 'அனிமல் கிராஸிங்' என்ற தீவு விளையாட்டில் ஜனங்கள் ஒருவர் தீவுக்கு ஒருவர் போய்ப் பார்த்து வந்தார்கள். பிறந்த நாளும் கல்யாணமும் கூட அங்கே நடத்தினார்கள். 'பாங்'கின் இரண்டு கோடுகளுக்குள் இதெல்லாம் அடங்குமா?

வாசலில் காசு இல்லை

அப்படியானால் தகராறு எங்கே இருக்கிறது? காசுப் பெட்டி இடம் மாறியதில்தான் இருக்கிறது.

அந்த நாளில் காசு வாசலிலேயே கேட்டார்கள். போட்டால் ஆட்டம், தோற்றால் வீடு. இப்போது வாசலில், "வாருங்கள், இலவசம்!" என்று வரவேற்கிறார்கள். 2012-ல் வந்த 'காண்டி கிரஷ்' ஆட்டத்தை உங்களில் பலர் ஆடியிருப்பீர்கள். உங்களுக்கு ஐந்து உயிர். தோற்றால் ஒன்று போகும். போன உயிர் திரும்பி வர அரை மணி நேரம் ஆகும். இன்னும் இரண்டே காய் நகர்த்தினால் ஜயம் என்ற இடத்தில் ஆட்டம் நின்று விடும். காத்திருக்கலாம், சிநேகிதியைக் கேட்கலாம், அல்லது காசு கொடுக்கலாம். பழைய யந்திரத்தில் ஆட்டத்தை ஆரம்பிக்கக் காசு. இதிலே பொறுமை இழந்தால் காசு! ஒரு வழியாக எல்லாக் கட்டங்களையும் தாண்டி விடலாமென்றால், புதிய கட்டங்களைச் சேர்த்துக் கொண்டே போகிறார்கள்.

இதைக் காட்டிலும் விபரீதமானது பெட்டி வியாபாரம். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் ஒரு பெட்டியை விற்பார்கள். திறந்தால் அபூர்வமான கத்தியும் இருக்கலாம். உபயோகமற்ற தொப்பியும் இருக்கலாம். திருவிழாக் கடையில் சக்கரம் சுற்றுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஜப்பானில் இதில் ஒரு வகையை 2012-ல் சட்ட விரோதம் என்று நிறுத்தினார்கள். 2018-ல் பெல்ஜியம் தேசத்துச் சூதாட்டக் கமிஷன், சில ஆட்டங்களில் இப்படிப் பெட்டி விற்பது சூதாட்டமே என்று முடிவு கூறியது. அமெரிக்காவில் 'ஃபோர்ட்நைட்' நடத்தும் எபிக் கம்பெனி, ஆட்டக்காரர்கள் தெரியாமல் பித்தானை அழுத்திப் பணம் செலவாகும்படி அமைத்திருந்தது என்று அரசாங்க வர்த்தகக் கமிஷன் குற்றம் சாட்டியது. பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்காக 24½ கோடி டாலர் தர அந்தக் கம்பெனி 2022 டிசம்பரில் சம்மதித்தது.

பணம் போகட்டும், மனசு? 2009-ல் வந்த 'பார்ம்வில்' ஞாபகம் இருக்கிறதா? விதைத்த பயிரைக் குறித்த வேளையில் வந்து அறுக்காவிட்டால் வாடிப் போகும். அடுப்பில் பாலை வைத்து விட்டு ஓடி வந்து கத்தரிச் செடியைக் கவனித்தவர்கள் உண்டு. பதினோரு வருஷம் ஊரெல்லாம் உழுத அந்த நிலம் 2020 டிசம்பர் 31-ந் தேதியோடு மூடப்பட்டது. கம்பெனி கதவைச் சாத்தினால் பயிரும் இல்லை, பண்ணையும் இல்லை.

இட்லித் தட்டில் ஓர் ஆட்டம்

இதைக் கேட்டதும், புதியது என்றாலே மோசம் என்று தீர்மானித்து விடுவீர்களோ என்று பயமாயிருக்கிறது. ஆகவே கடைசிச் சாட்சியாக நம்மவள் ஒருத்தியைக் கூப்பிடுகிறேன். அவள் பெயர் வெண்பா.

2023 ஜூலையில் கனடா தேசத்து டொரண்டோ நகரத்திலிருந்து 'விசை கேம்ஸ்' என்ற சிறு ஸ்தாபனம் 'வெண்பா' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. கதை 1980-களில் ஆரம்பமாகிறது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய தம்பதிகள். வெண்பாவிடம் அவள் தாயார் எழுதிய சமையல் குறிப்பு இருக்கிறது. ஆனால் தாள் கிழிந்து, எழுத்து அழிந்து போயிருக்கிறது. விட்டுப் போன வரியை ஊகித்து நீங்கள் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் எதை முதலில் போடுவது, இவைதான் புதிர்கள். தவறினால் உயிர் போகாது, மறுபடி செய்யலாம். நடுவே மகன் கவின் வளர்கிறான். வீட்டுப் பாஷையும் வீட்டுச் சாப்பாடும் அவனுக்குக் கூச்சமாகின்றன. தாய் தனியாக உட்கார்ந்திருக்கும் இடங்களில், பிள்ளைகளை அயல் தேசத்துக்கு அனுப்பிய தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக் கொள்ளாமல் இருக்க மாட்டார்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிகிறது. நடுவில் எவரும் காசு கேட்பதில்லை. 2024-ல் பிரிட்டிஷ் திரைப்பட, டெலிவிஷன் கலைக் கழகமான பாஃப்டா, சிறந்த அறிமுக ஆட்டத்துக்குரிய பரிசை இதற்கு அளித்தது.

'வெண்பா' நேற்றுப் பிறந்த ஆட்டம். அதன் கண்ணியமோ 'பாக்மேன்' காலத்துக் கண்ணியம்: விலையை முதலிலேயே சொல்லி விடுகிறது, கதை முடிந்ததும் உங்களை வீட்டுக்கு அனுப்பி வைக்கிறது. ஆகவே பழசா, புதுசா என்று பிரிப்பதை விட, முடிகிற ஆட்டமா, முடியாத ஆட்டமா என்று பிரித்துப் பாருங்கள். வழக்கு வெகு சுலபமாகி விடும்.

நீங்கள் கேட்க வேண்டியவை

குழந்தை ஒரு புதிய ஆட்டத்தைக் கொண்டு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதற்கு எப்போது காசு கொடுக்க வேண்டும், எவ்வளவு? இது எங்கே முடியும்? நாளைக்கு நீ ஆடாமல் இருந்து விட்டால் என்ன நஷ்டம்? மூன்றாவது கேள்விக்கு, "பரிசு போய்விடும், சிநேகிதர்கள் முந்தி விடுவார்கள்" என்று பதில் வந்தால் ஜாக்கிரதையாக இருங்கள். பணம் கட்டும் ரகசிய எண்ணை மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் குழந்தையிடம் கொடுத்து விடாதீர்கள்.

இரண்டு மணி நேரம் ஆடினான் என்பதற்காக அவனுக்கு வியாதி என்று நடுங்கவும் வேண்டாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் அங்கீகரித்த வியாதிப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று இருப்பது வாஸ்தவம். ஆனால், நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட ஆட்டமே பெரிதாகப் போவது, கெடுதல் நேர்ந்த பிறகும் தொடர்வது என்பவை சாதாரணமாக ஒரு வருஷ காலமாவது காணப்பட்டால்தான் அந்தப் பெயர் சொல்லலாம் என்று அதிலேயே விளக்கியிருக்கிறார்கள். அப்படித் தோன்றினால் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இன்னும் ஒரே ஒரு யோசனை. நீங்கள் சாப்பிடக் கூப்பிடும்போது, "இதோ, ஐந்து நிமிஷம்!" என்று பிள்ளை கத்துவது எப்போதும் சாக்கு அல்ல. தனியாக ஆடும் ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்து விட்டு வரலாம். பலரோடு சேர்ந்து ஆடும் ஆட்டத்தை நடுவில் நிறுத்த வழி கிடையாது. எழுந்து வந்தால் கூட ஆடுகிறவர்களுக்குத் துரோகம். ஆகையால் குக்கர் வைக்கும்போதே, "இந்த ஆட்டம் எத்தனை நிமிஷம்?" என்று கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். அது முடிந்ததும் அடுத்ததை ஆரம்பிக்காமல் எழுந்து வருகிறானா என்று கவனியுங்கள். வந்தால், அவன் ஆட்டத்தை ஆடுகிறான். வரவில்லையென்றால், ஆட்டம் அவனை ஆட ஆரம்பித்து விட்டது என்று தெரிந்து கொள்ளலாம்.